மூடி போடாத பெட்டி

எமினென்ஸ், மிசோரி
4 மார்ச் 1985

அன்புள்ள ஒலீட்டா அவர்களுக்கு,

நாம் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. என் பெயர் இமோஜீன். வெர்லினைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. உங்கள் விலாசத்தை ட்ரெஸாவின் பழைய நோட்டு ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டேன். அவளுக்குத் தெரிந்துதான்.

உங்கள் மகள் ட்ரெஸாவுக்குக் கல்யாணம். ஜூன் முதல் தேதி, சனிக்கிழமை. மாப்பிள்ளை பெயர் கர்டிஸ். மரம் அறுக்கும் ஆலையில் லாரி ஓட்டுகிறான். குடிப்பதில்லை. உங்களுக்கு யார் தெரிவிப்பது என்று பேச்சு வந்தபோது அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். அதனால் நான் எழுதுகிறேன். வாருங்கள் என்றோ வராதீர்கள் என்றோ சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ட்ரெஸாவிடமே கேட்டேன். "அவங்களுக்குத் தெரிஞ்சா போதும்" என்றாள். அதை அப்படியே எழுதிவிட்டேன்.

இத்துடன் ஒரு பத்திரிகைத் துண்டு வைத்திருக்கிறேன். போன செப்டம்பரில் கவுண்டி கண்காட்சியில் வெர்லின் செய்த சாசஃப்ராஸ் மரப்பெட்டிக்கு முதல் பரிசு, நீல ரிப்பன். அந்தப் பெட்டியைத்தான் மகளுக்குச் சீராகக் கொடுக்கப்போகிறார். பெண்ணுக்கு இங்கே ஒரு குறையும் வைக்கவில்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் அனுப்புகிறேன். வேறு எண்ணம் இல்லை.

மரியாதையுடன்,
இமோஜீன்


ஜாஸ்பர், இண்டியானா
11 மார்ச் 1985

இமோஜீன்,

செய்தி சொன்னதற்கு நன்றி. லாரிக்காரன் நல்லவனாக இருக்கட்டும்.

பத்திரிகைத் துண்டில் இருந்த படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு பக்கத்து வீட்டில் பூதக்கண்ணாடி வாங்கிவந்து பார்த்தேன். அந்தப் பெட்டி நான் செய்தது.

மூடியைத் தவிர. மூடி அவன் வேலை என்று பார்த்ததுமே தெரிகிறது. பலகைக்குக் குறுக்கே சட்டம் வைத்துத் திருகாணியால் இறுக்கியிருக்கிறான். மரம் மழைக்காலத்தில் அகலும், குளிர்காலத்தில் சுருங்கும். அசைய இடம் விடாமல் இறுக்கினால் வெடிக்காமல் என்ன செய்யும்? ஒரு குளிர்காலம் தாண்டியாயிற்றே, போய்ப் பார். விரிசல் விட்டிருக்கும்.

நான்கு பக்கத்தையும் அடிப்பலகையையும் நான் முடித்திருந்தேன். மூடிக்கான பலகையை இழைத்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தேன். அது 1977, அக்டோபர். அந்த மாதம்தான் கிளம்பினேன்.

அந்த ஊரில் என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பெற்ற பெண்ணை விட்டுவிட்டுப் போனவள். நான் மறுக்கவில்லை. ஆனால் விட்டுப் போனதில் தன் பெயரைப் போட்டு ரிப்பன் குத்திக்கொள்ளச் சொல்லி யாரும் அவனிடம் கேட்கவில்லை.

அந்தப் பெட்டி யார் செய்தது என்று ட்ரெஸாவிடம் சொல். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

ஒலீட்டா


எமினென்ஸ்
18 மார்ச் 1985

ஒலீட்டா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வெர்லினிடம் காட்டவில்லை. காட்டினால் சிரிப்பார். அல்லது ஒரு வாரம் பேசமாட்டார். இரண்டும் எனக்கு வேண்டாம்.

ஆறு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் சாப்பிட்டு முடித்ததும் பின்னால் இருக்கும் அந்தப் பட்டறைக்குத்தான் போகிறார். இருட்டுகிறவரை அங்கேதான் இருக்கிறார். நீங்கள் சொல்வது உண்மையானால் அத்தனை சனிக்கிழமையும் அங்கே அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

மூடியில் விரிசல் இருக்கிறது. ஒரு முடி கனம். நீங்கள் குத்துமதிப்பாகச் சொன்னது பலித்திருக்கலாம். மரவேலை தெரிந்த யாரும் சொல்லக்கூடியதுதான் அது.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நினைத்தாலும் பரவாயில்லை. பதினைந்து வயதில் ட்ரெஸா நிமோனியாவில் பதினோரு நாள் படுத்துக் கிடந்தாள். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலியோரம் போய், சாசஃப்ராஸ் வேரைத் தோண்டிக் கழுவி, தேநீர் வைத்து, கரண்டி கரண்டியாக அவளுக்கு ஊற்றினேன். அந்த மரத்தில் எனக்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான். அப்போது நீங்கள் எந்தப் பலகையை இழைத்துக்கொண்டிருந்தீர்கள்?

கல்யாண வீடு இது. இதற்கு மேல் இந்தப் பேச்சு வேண்டாம்.

இமோஜீன்


ஜாஸ்பர்
25 மார்ச் 1985

இமோஜீன்,

அவளுக்கு நிமோனியா வந்தது எனக்கு இன்றுதான் தெரியும். நீ செய்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லை. எழுதி இரண்டு தடவை அடித்துவிட்டேன்.

பெட்டிக்கு வருகிறேன்.

எழுபத்தைந்து ஜனவரியில் பனிக்கட்டி மழை பெய்து, கோழிக் கொட்டகைக்குப் பின்னால் நின்ற பெரிய சாசஃப்ராஸ் வேரோடு சாய்ந்தது. அதை டிராக்டரில் கட்டி ஆலைவரை இழுத்துப்போனவன் வெர்லின். அதை மறைக்கமாட்டேன். ஆலைக்காரன் சிரித்தான். "இதப் போயி அறுக்கச் சொல்றியே ஆத்தா! கோழி உக்கார நாலு கம்பு வெட்டிக்கிட்டு மிச்சத்தத் தூக்கிப் போடுவியா" என்றான். வால்நட் மரத்தைத் திருடுவதற்கு ஆள் உண்டு. சாசஃப்ராஸைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் கிடையாது. அறுத்த பலகைகளை இடையிடையே குச்சி கொடுத்து அடுக்கி, இரண்டு வருஷம் காயவிட்டேன்.

அந்த மரம் வாகானது இல்லை. எடை இல்லாதது, நகம் பட்டால் தழும்பு விழும், உளியைக் கொஞ்சம் அழுத்தினால் ஓரம் பெயர்ந்துவிடும். ஆனால் அதை அறுக்கும்போது எழும் வாசம் இருக்கிறதே! சோம்பும் எலுமிச்சைத் தோலும் சேர்த்து இடித்தது மாதிரி. துணியில், முடியில், நகத்தடியில் எல்லாம் ஏறிக்கொள்ளும். வெர்லினுக்கு அது பிடிக்காது. "மருந்துக் கட மாதிரி நாறுற. மனுசன் பக்கத்துல படுக்க வேணாமா?" என்பான். கிணற்றடியில் தலையை அலசாமல் கட்டிலுக்கு வரக்கூடாது. டிசம்பரிலும்தான். அந்த வீட்டை விட்டுப் போனதற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை. அதுவும் ஒன்று.

இப்போது நீ பார்க்க வேண்டியது. பெட்டியின் பின்பக்க இடது மூலை. இரண்டு பலகைகள் விரல் கோத்ததுபோல் சேர்கிற புறாவால் மூட்டு. கீழேயிருந்து மூன்றாவது பல். அதில் ரம்பம் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. காகிதக் கனத்துக்கு ஒரு சீவலைச் செதுக்கி அந்தச் சந்தில் பசை வைத்துச் செருகினேன். கண்ணுக்குத் தெரியாது. ஊசியால் தடவினால் தட்டுப்படும். அது அங்கே இருப்பது செய்தவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இன்னொன்று. மூடியைத் திறந்து முகத்தை உள்ளே வைத்துப் பார். உள்பக்கம் நான் எதுவும் பூசவில்லை, பூசவும் கூடாது. மரத்தை வெறுமனே விட்டால் ட்ரெஸா பேரப்பிள்ளை எடுக்கும் காலத்திலும் திறந்தால் வாசம் வரும். என்ன வாசம் வருகிறது என்று எழுது.

ஒலீட்டா


எமினென்ஸ்
9 ஏப்ரல் 1985

ஒலீட்டா அவர்களுக்கு,

ஈஸ்டர் முடியட்டும் என்று இருந்தேன். ஈஸ்டர் வாரத்தில் அந்த ஊசியை எடுக்க மனம் வரவில்லை.

நேற்று பார்த்தேன். மூன்றாவது பல்லில் ஊசி தட்டியது. டார்ச்சைக் கிட்டே பிடித்தால் சீவலின் ரேகை கொஞ்சம் சாய்ந்து ஓடுவதுகூடத் தெரிகிறது. பட்டறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெர்லின் பொய் சொல்லுகிற மனிதர் இல்லை. மாட்டை விற்கும்போதுகூட அதன் குறையைத் தானே முதலில் சொல்லிவிடுவார். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

உள்ளே முகத்தை வைத்தேன். வார்னிஷ் வாசம்தான் அடிக்கிறது. உள்பக்கம் முழுவதும் பளபளவென்று பூசியிருக்கிறது.

அதை எடுக்க முடியுமா? எப்படி என்று எழுதுங்கள், நான் செய்கிறேன். அவள் கொண்டுபோகிற பெட்டி எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கட்டும். ஆனால் கல்யாணம் முடிகிறவரை ட்ரெஸாவுக்கு நீங்கள் ஒன்றும் எழுதக்கூடாது. அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேவாலயத்துக்குள் நடக்கப்போகிறாள். அந்த நடை முடியட்டும். அப்புறம் உங்கள் இஷ்டம்.

இமோஜீன்


ஜாஸ்பர்
15 ஏப்ரல் 1985

இமோஜீன்,

எழுதமாட்டேன். வார்த்தை கொடுக்கிறேன்.

உள்ளே வார்னிஷ்! முட்டாள். சமையலறை நாற்காலிக்கும் அந்தப் பெட்டிக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது.

எடுக்கலாம். பட்டறையில் வடக்கு ஜன்னலின் மேல்சட்டத்தில் கையை விட்டுத் துழாவு. எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு எஃகுத் தகடு இருக்கும், சீட்டுக்கட்டை விடக் கொஞ்சம் பெரியது. என்னுடையது. அவன் தொட்டிருக்கமாட்டான். விளிம்பு மழுங்கியிருந்தால் அரத்தில் நாலு இழுப்பு, பிறகு ஸ்க்ரூடிரைவர் தண்டை வைத்து விளிம்பை அழுத்தித் தேய். நகத்தில் வைத்தால் பிடிக்க வேண்டும். அதுவரை தேய்.

இரண்டு கட்டைவிரலாலும் தகட்டை லேசாக வளைத்து, உன்னிடமிருந்து வெளியே தள்ளு. ரேகை ஓடும் திசையிலேயே போ. எதிர்த்துப் போனால் நார் பிய்ந்துவிடும். முதலில் வெள்ளைத் தூளாக வரும், அது வார்னிஷ். பழுப்பாகச் சுருண்டு சீவல் வர ஆரம்பித்தால் மரம் வந்துவிட்டது, அங்கே நிறுத்து. அழுத்தாதே. அவசரப்படாதே. தலையிலும் மூக்கிலும் துணி கட்டிக்கொள். சிலருக்குக் கண் எரியும், தொண்டை கட்டும்.

சீவலை அடுப்பில் போடாதே. அதை எரித்தால் எரித்தவளின் அம்மா செத்துப்போவாள் என்று அந்தப் பக்கத்தில் இன்னும் சொல்கிறார்கள்தானே? உன் அம்மா இருக்கிறாளா?

ஒலீட்டா


எமினென்ஸ்
6 மே 1985

ஒலீட்டா அவர்களுக்கு,

என் அம்மாவுக்கு எண்பது வயது. எல்லாரையும் திட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறாள். சீவலை எரிக்கவில்லை.

தகடு நீங்கள் சொன்ன இடத்தில்தான் இருந்தது. துணிகூட மாறவில்லை.

முந்தாநாள் சனிக்கிழமை. டிராக்டருக்கு பெல்ட் வாங்க வெர்லின் ரோலா டவுனுக்குக் கிளம்பினார். அவர் வண்டி வளைவில் மறைந்ததும் நான் பட்டறைக்குள் போனேன். முதல் அரை மணி நேரம் வெறும் வெள்ளைத் தூள். தப்பாகச் செய்கிறேனோ என்று பயமாக இருந்தது. பிறகு ஓர் இடத்தில் பழுப்பாக ஒரு சீவல் சுருண்டு வந்தது. கூடவே அந்த வாசம். நீங்கள் எழுதியது அதில் பாதிதான். மழை பெய்து ஓய்ந்த காட்டில் யாரோ மிட்டாய் காய்ச்சுவதுபோல் இருந்தது எனக்கு. கண்ணில் நீர் வழிந்தது. மரத்தூளால்தான்.

தலையில் துணி கட்டியிருந்தேன். கதவுக்கு முதுகு காட்டிக் குனிந்திருந்தேன். மூன்று பக்கம் முடிந்துவிட்டது. கடைக்காரன் பெல்ட் இல்லை என்று சொல்லிவிட்டானாம், அவர் சீக்கிரம் திரும்பிவிட்டார். காலடிச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

"ஒலீட்டா?" என்றது ஒரு குரல்.

வெர்லினின் குரல்தான். ஆனால் அந்தக் குரலை நான் இதற்கு முன் கேட்டதில்லை. ஆறு வருஷத்தில் என்னை எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார். சாப்பாடு போட, டார்ச் பிடிக்க, பசு கன்று ஈனும்போது கூட நிற்க. ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

திரும்பினேன். என்னைப் பார்த்தார். "நீயா" என்றார்.

அப்புறம்தான் அவருக்குக் கோபம் வந்தது. "இதச் சொரண்டச் சொல்லி உன்ன யாரு கேட்டா? அந்த வாசம் வெளிய வரக்கூடாதுன்னுதான மூணு தடவ பூசுனேன்!"

"வந்தா என்ன?"

"தொறக்கறப்பல்லாம் அவ வந்து நிக்கிறா. போதுமா?"

எனக்குப் போதும்தான். ஆனாலும் கேட்டேன். "அப்ப நீங்க செஞ்சதுன்னு ஊரெல்லாம் ஏன் சொன்னீங்க?"

மரம் அறுக்கிற முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் எங்க சொன்னேன். மூடி போட்டேன், பூசுனேன், கண்காட்சிக்குக் கொண்டுபோயி எறக்குனேன். பேரு எழுதிக்கிட்டிருந்த ஹார்லன் வந்து 'நீ செஞ்சதா வெர்லின்?'னான். ஆமான்னு வாயில வந்துருச்சு. அடுத்த நாளு போயிப் பாத்தா ரிப்பன் குத்தியிருக்கு, ஒருத்தன் போட்டோ எடுக்கறான். எந்த எடத்துல நின்னு இல்லேன்னு சொல்லச் சொல்ற?"

"சனிக்கெழம சனிக்கெழம இங்க வந்து என்னதான் பண்றீங்க?"

அந்தப் பட்டறையை அப்போதுதான் கண்ணைத் திறந்து பார்த்தேன். ஒரு நாற்காலி. ஒரு ரேடியோ. ஆறு வருஷத்தில் அங்கே வேறு எந்தப் பொருளும் செய்யப்பட்டதற்கு அடையாளம் இல்லை.

அவர் எழுந்து வீட்டுக்குள் போனார். நான் நாலாவது பக்கத்தையும் சுரண்டி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். பிறகு தலைக்குக் குளித்தேன். இரண்டு தடவை. சோப்பைத் தேய்க்கும்போதுதான், இதே வீட்டில் இதே வாசத்தை நீங்களும் இப்படித்தான் தேய்த்துக் கழுவினீர்கள் என்று நினைவு வந்தது. உங்களைக் கழுவச் சொன்னார். என்னைச் சொல்லவில்லை. எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் இந்த வீட்டை விட்டுப் போனதாக எல்லாரும் சொன்னார்கள். நம்பித்தான் வந்தேன்.

இமோஜீன்


ஜாஸ்பர்
13 மே 1985

இமோஜீன்,

உன் கடிதத்தில் ஒரு வார்த்தையை நாலு தடவை படித்தேன். எது என்று உனக்குத் தெரியும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவன் வேண்டும் என்று இல்லை. அவன் நிழல்கூட வேண்டாம். அவன் தோற்றான் என்பதில் சந்தோஷம். அது உன் வயிற்றெரிச்சலின் மேல் நிற்கிற சந்தோஷம் என்று தெரிந்தும் அது குறையவில்லை. நான் அப்படிப்பட்டவள்தான்.

உனக்குக் கொடுத்த வார்த்தையை மீறிவிட்டேன். இன்று காலையில் ட்ரெஸாவுக்கு எழுதித் தபாலில் போட்டேன். பெட்டியைச் செய்தது யார், பெயர் போட்டுக்கொண்டது யார், உள்ளே எதற்காகப் பூசினான், எல்லாம் எழுதினேன். அவன் கையைப் பிடித்து நடக்கிறதற்கு முன்னால் அது யாருடைய கை என்று அவளுக்குத் தெரியட்டும்.

கோபித்துக்கொள்.

ஒலீட்டா


எமினென்ஸ்
12 ஜூன் 1985

ஒலீட்டா அவர்களுக்கு,

கல்யாணம் நன்றாக நடந்தது. மழை வரவில்லை. வெர்லின் கையைப் பிடித்துத்தான் அவள் நடந்தாள்.

நீங்கள் சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் வண்டியில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று ஹார்லனின் மனைவி சொன்னாள். இண்டியானா நம்பர் என்றாள். நான் வெளியே வருவதற்குள் வண்டி போய்விட்டது. அது நீங்களா என்று கேட்கமாட்டேன்.

ட்ரெஸாவுக்கு நீங்கள் எழுதிய கடிதம் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் வந்தது. நான் ஜாம் காய்ச்சுவதற்காக ஸ்ட்ராபெர்ரி காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். ட்ரெஸா கடிதத்தோடு சமையலறைக்குள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவளும் ஒரு கிண்ணத்தை இழுத்து வைத்துக் காம்பு கிள்ள ஆரம்பித்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இமோஜீன், இதெல்லாம் ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஏப்ரல்ல. சொல்லியிருக்கணும். கல்யாணம் முடியட்டும்னு..."

"எனக்கு அது கண்காட்சில இருந்த அன்னிக்கே தெரியும்" என்றாள். "அம்மா செஞ்சப்ப நான்தான பக்கத்துல இருந்தேன். பசை காயற வரைக்கும் அந்த மூலைய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு நின்னது யாரு? பன்னெண்டு வயசு எனக்கு. மறந்துருமா?"

கையிலிருந்த பழத்தைக் கிண்ணத்தில் போட்டேன். "அப்ப அப்பாகிட்ட ஒண்ணும் கேக்கலியா?"

"எதுக்கு? அப்பாவுக்குப் பின்னல் போடத் தெரியாது. கத்துக்கிட்டாரு. கோணலாத்தான் போடுவாரு, ஸ்கூல்ல எல்லாரும் சிரிப்பாங்க. தெனமும் பஸ் வர்ற வரைக்கும் ரோட்டுல வந்து நின்னாரு. ஒங்களக் கட்டிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வருசம் நாங்க சாப்பிட்டதெல்லாம் பீன்ஸும் சோள ரொட்டியும்தான், அவருக்கு வேற சமைக்க வராது. அம்மா ஒண்ணு செஞ்சாங்க, அழகாச் செஞ்சாங்க, விட்டுட்டுப் போயிட்டாங்க. அவரு ஒண்ணும் அழகாச் செய்யல. இருந்தாரு. அதுல அவரு பேரு இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

உங்களுக்காக நான் பேசினேன், ஒலீட்டா. நம்பமாட்டீர்கள். "அவங்களுக்கு அப்ப ஒரு எடம் இல்ல, வசதி இல்ல. ஒன்னக் கூட்டிக்கிட்டுப் போக நெனச்சிருப்பாங்க" என்றேன்.

அவள் காம்பு கிள்ளுவதை நிறுத்தினாள். "நானே லெட்டர் போட்டேன், என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்கன்னு. வசந்தம் வரட்டும், எடம் பாக்கறேன்னு பதில் வந்துச்சு. நானும் துணியெல்லாம் மடிச்சு ஒரு பையில வச்சிருந்தேன். அப்பாவுக்குத் தெரியாம. ஏப்ரல்ல லெட்டர் வந்துச்சு. கார் கொட்டகையோட ஒரு எடம் கெடச்சிருக்கு, தனக்குன்னு ஒரு பட்டறை இருக்கு, வடக்கு வெளிச்சம் நல்லா விழுதுன்னு ரெண்டு பக்கம் எழுதியிருந்தாங்க. நான் எங்க படுக்கறதுன்னு எழுதல."

பிறகு எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தாள். நான் சுரண்டி வைத்திருந்தது அவளுக்குத் தெரியாது. வெகு நேரம் முகத்தை உள்ளே வைத்திருந்தாள். மூடிவிட்டு, "வார்னிஷே நல்லா இருந்துச்சு" என்றாள்.

பெட்டியை எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறாள். அதில் என்ன வைத்திருக்கிறாள் என்று நான் பார்க்கவில்லை.

வெர்லின் பட்டறையைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

அவள் உங்களுக்குப் போட்ட அந்தக் கடிதத்துக்கு நீங்கள் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். அவளுக்காக இல்லை. அவள் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

இமோஜீன்


ஜாஸ்பர்
24 ஜூன் 1985

இமோஜீன்,

வண்டியில் இருந்தது நான்தான். அவள் வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே போகாதது நல்லதாயிற்று.

அவள் சொன்னது சரி. கடிதம் வந்தது எழுபத்தெட்டு பிப்ரவரியில். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். "கட்டில் வேண்டாம், தரையிலேயே படுத்துக்கொள்வேன்" என்று எழுதியிருந்தாள். அப்போது நான் நாற்காலித் தொழிற்சாலையில் வேலை செய்யும் மூன்று பெண்களோடு ஒரே அறையில் இருந்தேன். தனி இடம் பார்க்கத்தான் வேண்டியிருந்தது.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே தெருவில் இரண்டு இடம் பார்த்தேன். முதலாவது ஒரு மாடி வீடு, இரண்டு அறை. சின்ன அறையின் சுவரில் மஞ்சள் பூப்போட்ட காகிதம் ஒட்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடத்து மைதானம். இரண்டாவது ஒற்றை அறை, பின்னால் கார் கொட்டகை. சிமென்ட் தரை, மேசை ரம்பம் ஓட்டப் போதுமான மின்சாரம். முன்னால் குடியிருந்தவன் தன் வேலை மேசையை விட்டுப் போயிருந்தான். அதன் மேல் கையை வைத்துப் பார்த்தேன். என் இடுப்பு உயரத்துக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது.

வசதி இல்லை என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிவந்தேன். இரண்டுக்கும் ஒரே வாடகைதான்.

மாடி வீட்டின் சொந்தக்காரி நல்ல மனுஷி. என்னைச் சின்ன அறைக்குள் நிற்கவைத்து, "கூட யாராச்சும் இருக்காங்களாம்மா? புள்ள குட்டி? இருந்தா சொல்லு, வேற யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன்" என்றாள்.

ஜன்னல்வரை நடந்துபோய் மைதானத்தைப் பார்த்தேன். ஊஞ்சலில் யாரும் இல்லை. திரும்பி வந்தேன்.

"இல்லைங்க, நான் மட்டும்தான்" என்றேன்.

வாய் தவறி வந்த பதில் இல்லை அது, இமோஜீன். யோசித்துத்தான் சொன்னேன்.

ஒலீட்டா